வெப்பத்திலிருந்து வந்த ஆற்றுக் கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சவுத் பிளாட் ஆற்றங்கரையில் கிணறு வைத்திருக்கும் விவசாயி ஒரு விசித்திரமான கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது. தான் இறைக்கும் நீரால் ஆறு எவ்வளவு குறைகிறது, எந்த மாதத்தில் குறைகிறது என்ற கணக்கு அது. குறைந்ததை அவர் ஆற்றுக்கு ஈடும் செய்ய வேண்டும். முதலில் நீர் எடுத்தவருக்கே முதல் உரிமை என்பது அங்கே நெடுங்கால வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாய்க்கால் வெட்டியவர்கள் மூத்தவர்கள். கிணறுகள் பெருகியதோ பிற்பாடு. இரு தரப்பையும் ஒரே வரிசையில் நிறுத்தியது 1969ஆம் ஆண்டுச் சட்டம்.

நதிநீர் வழக்குகளைத் தொடர்ந்து படித்து வரும் எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி மண்ணுக்கடியில் நடப்பதை மாதவாரியாக எப்படிச் சொல்ல முடியும்? அதை முதலில் சொன்னவர் யார்?

அந்த விவசாயிகளின் கணக்குக்கு அடியில் இருப்பது 1954இல் குளோவர், பால்மர் என்ற இருவர் வெளியிட்ட ஒரு சிறு சூத்திரம். அதற்குள் போவன மூன்றே மூன்று விவரங்கள்: ஆற்றுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம், மண் நீரைக் கடத்தும் திறன், மண் நீரைச் சேமிக்கும் திறன். இறைக்கத் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் சேர்த்தால், கிணற்று நீரில் ஆற்றின் பங்கு எவ்வளவு என்ற விடை கிடைத்துவிடும்.

எண்களைப் போட்டுப் பார்த்தபோதுதான் இதன் வீச்சு எனக்கு உறைத்தது. கிணறு 1 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கட்டும். கடத்தும் திறன் நாளொன்றுக்கு 1000 சதுர மீட்டர், சேமிப்புக் குணகம் 0.2. முதல் 30 நாள் முடியும்போது கிணறு எடுக்கும் நீரில் ஆற்றின் பங்கு 7 சதவீதம் அளவுதான். 200ஆம் நாளில் அது 48 சதவீதம். அன்றோடு பம்பை நிறுத்திவிட்டாலும் ஆறு தப்பாது. அதுவரை இறைத்த மொத்த நீரில் 28 சதவீதத்தைத்தான் ஆறு கொடுத்திருக்கிறது. மிச்சம் 72 சதவீதக் கடன், பம்ப் ஓய்ந்த பிறகு, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆற்றிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். 1968இல் ஜெங்கின்ஸ் என்ற அமெரிக்க நிலவியல் அளவைத் துறை நீரியலாளர், இந்த 28 சதவீத நாளையே ஒரு கிணற்றின் அடையாள எண்ணாக வைத்துக் களத்தில் பயன்படும் அட்டவணைகளைக் கொடுத்தார். இந்த நாள் எண்ணிக்கை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அதே மண்ணில் கிணறு 5 கிலோமீட்டர் தள்ளிப் போனால் 200 நாள் என்பது 5000 நாளாகிவிடும். பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேல். இன்று இறைப்பவரின் பேரப்பிள்ளை பள்ளி முடிக்கும் காலத்திலும் ஆறு அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும்.

குளோவர் யார் என்று தேடினேன். ராபர்ட் குளோவர் அணை கட்டும் அரசுத் துறையின் பொறியாளர். 1930களில் அவர் ஆராய்ந்தது கான்கிரீட் அணைகளுக்குள் வெப்பம் எப்படி நகர்கிறது என்பதை. நீருக்கும் வெப்பத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி என்னை இன்னும் பின்னால் இழுத்துச் சென்றது.

அங்கே இருந்தவர் சார்லஸ் தைஸ். நியூ மெக்சிகோவில் வேலை பார்த்த நிலவியலாளர். கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் நாளுக்கு நாள் எப்படித் தாழ்கிறது என்பதற்கு அன்றைக்குச் சரியான சமன்பாடு இல்லை. இருந்தவை எல்லாம் மட்டம் நிலைத்துவிட்ட பிறகான நிலையைச் சொன்னவை. நிலத்தடி நீர் நகர்வது வெப்பம் பரவுவதைப் போன்றது என்று தைஸுக்குப் பட்டது. மண்ணின் கடத்தும் திறனுக்கு அங்கே வெப்பக் கடத்துதிறன் இருக்கிறது, சேமிப்புக்கு வெப்ப ஏற்புத்திறன் இருக்கிறது. சின்சினாட்டியில் இருந்த கணிதப் பேராசிரியர் நண்பர் கிளாரன்ஸ் லூபினுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். வெப்பக் கணிதத்தில் ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்த விடை லூபினிடமிருந்து வந்தது. 1935இல் வெளியான கட்டுரையில் தன் பெயரைச் சேர்க்க லூபின் இசையவில்லை. கணித நோக்கில் அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம். நிலத்தடி நீரியலையே மாற்றிய கட்டுரை அது. இந்தத் தேடலில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் லூபின்தான்.

1941இல் தைஸ் ஆற்றுக்கு வந்தார். அவர் செய்த தந்திரம் அழகானது. ஆற்றை எடுத்துவிட்டு, எதிர்க்கரையில் அதே தூரத்தில் கற்பனையாக இன்னொரு கிணற்றை வைத்தார். உண்மைக் கிணறு இறைக்கும் அளவு நீரை அது மண்ணுக்குள் ஊற்றுகிறது. இரண்டின் விளைவும் ஆற்றுக்கோட்டில் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் அங்கே மட்டம் மாறாது. ஆறு செய்வதும் அதைத்தானே! தைஸ் எழுதி வைத்த தொகையீட்டைத்தான் குளோவரும் பால்மரும் பிறகு கைக்கு அடக்கமான வடிவமாக்கினார்கள். வேரைத் தோண்டினால் வெப்பம் பற்றிய ஃபூரியேயின் 1822ஆம் ஆண்டு நூலும், 1856இல் டிஜோன் நகரின் குடிநீர் பற்றிய நூலோடு ஆன்ரி டார்சி இணைத்த மணல் சோதனைகளும் வருகின்றன. நீர்மட்டச் சரிவுக்கு ஏற்ற விகிதத்தில் நீர் மணலுக்குள் செல்லும் என்ற டார்சியின் விதி இல்லாமல் இதில் ஒரு வரியும் நிற்காது.

ஆனால் தைஸின் ஆறு நேர்க்கோடாக, முடிவில்லாமல் ஓடுகிறது. நீர்தாங்கும் மண்ணின் அடிவரை வெட்டி இறங்குகிறது. அதன் படுகையில் வண்டல் கிடையாது. உண்மையான ஆற்றில் வண்டல்தான் வாசற்கதவு. 1965இல் ஹான்டுஷ் அந்த அடைப்பைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1980களில் உருவான ‘மாட்ஃப்ளோ’ என்ற கணினி நிரல், ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கடத்து எண் வைத்தது. ஆற்று மட்டத்துக்கும் நிலத்தடி நீர் மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதனால் பெருக்கினால் பரிமாற்றம் வரும். நிலத்தடி மட்டம் படுகை வண்டலுக்கும் கீழே போய்விட்டால், கசிவு அதற்கு மேல் கூடாது என்று நிரல் வைத்துக்கொள்ளும். அந்தக் கடத்து எண்ணைப் பெரும்பாலும் ஆற்றில் இறங்கி அளப்பதில்லை. கிணற்று மட்டங்களோடு பொருந்தும்வரை திருத்திப் பெறுகிறார்கள். என் பார்வையில் இந்தத் துறையின் மிக மெலிந்த இடம் இதுதான். மாநிலங்கள் வழக்காடும்போது வண்டலைக் குடைந்து அளப்பதற்கும் செலவு செய்ய வேண்டும்.

இவ்வளவு இருந்தும் சவுத் பிளாட்டில் பழைய சூத்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2006இல், விதைப்பு முடிந்த பிறகு, போதிய ஈடு காட்ட முடியாத நூற்றுக்கணக்கான கிணறுகளில் இறைப்பு நிறுத்தப்பட்டது. அது பல குடும்பங்களின் பயிரைக் காய வைத்தது. ஈடு செய்வதற்கும் அதே கணிதத்தின் வழியையே அங்கே கண்டிருக்கிறார்கள். பாசனத் தேவை குறைந்த குளிர்காலத்தில் வாய்க்கால் வழியே நீரைக் குளங்களில் விட்டு மண்ணுக்குள் இறக்குகிறார்கள். தைஸ் எதிர்க்கரையில் கற்பனை செய்த, நீர் ஊற்றும் கிணறு இங்கே நிஜக் குளம். சூத்திரத்தில் குறியை மட்டும் மாற்றினால் போதும். குளம் ஆற்றுக்கு மிக அருகில் இருந்தால் நீர் குளிர்காலத்திலேயே திரும்பி வந்து வீணாகும். மிகத் தள்ளி இருந்தால் வந்து சேரப் பல ஆண்டு ஆகும். மூத்த வாய்க்கால்காரர் நீர் கேட்கும் கோடையில் வந்து சேரும்படி, அந்த மண்ணின் கடத்தும் திறனையும் சேமிப்பையும் பார்த்துத்தான் குளத்துக்கு இடம் குறிக்கிறார்கள்.