வரைபடத்தில் இல்லாத பார்

உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கணினியில் ஓபன்சிபிஎன் என்னும் இலவசக் கடல்வழி மென்பொருளை நிறுவி, ஜிபிஎஸ் கருவியையும் பொருத்தித் திருவிடந்தைக் கரைக்குக் கொண்டுசென்றோம். வரைபடங்களை முன்பே ஏற்றிவிட்டதால் நடுக்கடலிலும் இணையம் வேண்டியதில்லை. படகின் 12 வோல்ட் மின்கலத்தை 5 வோல்ட்டாகக் குறைத்தால் போதும். ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியில் மாலுமிகளுக்கு விளக்கெரிந்த மாமல்லைக் கடலுக்கு இது அடுத்த விளக்கு என்று பெருமிதமும் கொண்டோம்.

உடனிருந்த மூத்த மீனவரிடம், மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான அவருடைய 'பார்' எங்குள்ளது, குறித்துவைக்கலாமா என்று கேட்டோம்.

"வேணாம் தம்பி. அது எங்கப்பா காட்டுனது. பொட்டியில போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்."

விரலை எடுத்துக்கொண்டோம். அவர் மகனோ கேளம்பாக்கத்தில் வேலைக்குப் போகிறார். அவருக்குப் பின் அந்தப் பாரை அறிவார் யார் என்னும் கவலை மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை.