செஞ்சிக் கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரில் குடித்தனம் நடத்தும் எங்களுக்கு ஊருக்கு வருவது என்றால் திருவிழா மாதிரி. ஆனால் இந்தத் தடவை எனக்கு உள்ளூர ஒரு கவலை. பத்து வயதாகும் என் பையனுக்குத் தமிழ் புரியும்; வாய் திறந்து பேசத்தான் கூச்சம். திண்டிவனத்திலிருந்து டெலிபோனில் என் மாமியார் தேசிங்குராஜன் கதையை விதவிதமாகச் சொல்வார். இவனோ, "ஓகே பாட்டி" என்ற இரண்டே வார்த்தைகளில் முடித்துவிடுவான். அத்தையின் முகம் வாடுவது எனக்குத் தெரியும்.

"கதையைக் கேட்டால் போதாது, இடத்தைக் காட்டுவோம்" என்றார் என் கணவர். ஞாயிறு காலையில் இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர்தான்.

செஞ்சியில் கோட்டை ஒன்றல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை ஒரே மதில் வளைத்து நிற்கிறது. யாரோ ராட்சதக் குழந்தை விளையாடிவிட்டுப் போட்டாற்போல எங்கு பார்த்தாலும் பாறைகள்! 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது, ராஜாராம் மட்டும் தப்பிவிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியர் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மிச்சம் ஒன்று நம் செஞ்சி!

அடுக்கடுக்காக உயரும் கல்யாண மகாலையும், பிரம்மாண்டமான நெற்களஞ்சியத்தையும் பார்த்தோம். அந்தக் களஞ்சியத்தைப் பார்த்ததும், 'இதற்கு எத்தனை பேர் நெல் குத்தினார்களோ!' என்றுதான் எனக்குத் தோன்றியது. பெண்புத்தி!

ராஜகிரி சுமார் 800 அடி. சிங்கப்பூரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். இது 240 மீட்டரைத் தாண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்க நிழல்ல உட்கார்ந்திருக்கேன்" என்று கல்யாண மகால் பக்கமே தங்கிவிட்டார்.

படிகள் ஏற ஏற மூச்சு வாங்கியது. குரங்குகள் வேறு, என் கைப்பையையே குறி வைத்தன. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து பெரிய பள்ளம். அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அப்படியே நிற்க வேண்டியதுதான். பையன் அந்த இடத்தை விட்டு நகரவே மறுத்தான். குனிந்து குனிந்து பார்த்தான். உச்சியில் ரங்கநாதர் கோயிலருகே காற்று ஆளைத் தள்ளியது.

இறங்கியதும் அவன் நேரே பாட்டியிடம் ஓடினான்.

"பாட்டி! மேலே பாலம் இருக்கு. கீழே பள்ளம், ரொம்ப ஆழம். பாலம் எடுத்தா சோல்ஜர் வர முடியாது!"

அத்தை என்னைப் பார்த்தார். நான் மூச்சுவிடவில்லை.

"அப்புறம்?" என்றார் மெதுவாக.

தப்பும் தவறுமாக, கொட்டிக்கொண்டே போனான். பிறகு அவனே கேட்டான்: "தேசிங்கு ஏன் பாட்டி மேலேயே இருக்கல?"

"கப்பம் கட்ட மாட்டேன்னுட்டான் கண்ணு. ஆற்காட்டு நவாப் பெரிய படையோட வந்தான். இவன் கொஞ்சம் பேரோட வெளியில போய்ச் சண்டை போட்டு 1714-ல செத்துப் போனான். ராணியும் தீக்குளிச்சா. அவ பேரால நவாப் கட்டின ஊர்தான் ராணிப்பேட்டைன்னு சொல்வாங்க."

"ராணி ஏன் சாகணும்?"

"அந்தக் காலத்து வழக்கம் ராசா. ஒழிஞ்சதே, அது நல்லது" என்றார் அத்தை. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விடியற்காலையில் திண்டிவனத்தை விட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். மலைமேல் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். தின்பண்டங்களைக் குரங்குகளின் கண்ணில் காட்டாதீர்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகத் தயங்கவே வேண்டாம். கீழேயே பார்க்க நிறைய இருக்கிறது.

காரில் திரும்பும்போது நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது திண்டிவனம் வந்திருந்தது. பின் ஸீட்டில் கதை இன்னும் முடியவில்லை. இப்போது சொல்வது பாட்டி. "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் என் பிள்ளை.