மொட்டைத் தலை மைனா

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை என்றதும் அன்பர்கள் நெஞ்சில் தோன்றுவன, மயில்மீது அமர்ந்தருளும் ஆறுமுகப் பெருமானின் திருக்கோலமும் குன்றைச் சுற்றித் திரியும் மயில் கூட்டமுமே. படியோரத்தில் பருக்கை பொறுக்கும் மைனாவை அங்கு எவரும் பொருட்படுத்துவதில்லை; அதன் தலையில் ஓர் இறகும் இல்லாதிருந்தாலன்றி.

பேரனுக்கு முடியிறக்க வந்த மூதாட்டி ஒருவர் அப்படியொரு மைனாவைக் கண்டு திகைத்து நின்றார். கருமை படர்ந்திருக்க வேண்டிய தலையில் மஞ்சள் தோல் வெளியே தெரிந்தது. "அப்பத்தா, இதுவும் மொட்டை போட்டிருக்கு!" என்று பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. அவரோ, பிணி பிடித்த பறவை குழந்தைக்கு ஆகாதென்று அதனை விரட்டக் கைக்கோலை ஓங்கினார்.

அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் மொட்டைத் தலையெல்லாம் நோயின் அடையாளம் அன்று. தேய்ந்த இறகைப் பறவையால் செப்பனிட இயலாது. உதிர்த்துவிட்டுப் புதிதாகத்தான் வளர்க்க வேண்டும். குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கிய பின்னரே அது பெரும்பாலும் இவ்வேலையைத் தொடங்குகிறது. சிறகின் பெரிய இறகுகளைச் சிறிது சிறிதாக, இருபுறமும் ஒத்தாற்போல் உதிர்க்கும். இல்லையேல் பறப்பது எங்ஙனம்? தலையிறகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆதலின் சில பறவைகளுக்கு அவை ஒருசேர உதிர்ந்துவிடுவதுண்டு. பின்னர் உறையிட்ட குருத்துகள் முட்களைப்போல் எழும்பி விரிய, சில வாரங்களில் பழைய கோலம் திரும்பும்.

வேறொரு காரணமும் உண்டு. உடலெங்கும் அலகால் கோதிக்கொள்ளும் பறவைக்குத் தன் தலை மட்டும் எட்டாது. காலால் சொறியலாம், அல்லது இணைப்பறவை கோதிவிட வேண்டும். மதில்மேல் அமர்ந்த மைனாக்கள் ஒன்றன் தலையை மற்றொன்று கோதிவிடும் காட்சியைப் பொறுமையுள்ளோர் காணலாம். அலகு எட்டாத அவ்விடத்திலேயே பேனும் செள்ளும் குடியேறி இறகைக் கெடுக்கின்றன. மாதக்கணக்கில் நீங்காத வழுக்கைக்கு இவை காரணமாக இருக்கலாம்.

1963-இல் நாட்டின் தேசியப் பறவையான மயிலும் இவ்விதிக்கு விலக்கன்று. ஆண்மயில் ஆண்டுதோறும் தோகை முழுவதையும் உதிர்த்துவிட்டுக் குட்டை வாலோடு உலவும். அக்கோலத்தில் அதனைப் படம் எடுப்பார் அரிது. உதிர்ந்த பீலியைப் பொறுக்கிப் பூசையறைக்குக் கொண்டு செல்வாரோ பலர்!

மொட்டை மைனாவைப் பிடித்து மஞ்சளோ வேப்பெண்ணெயோ பூச வேண்டா. பிடிபடும் அச்சமே அதற்குப் பெருந்துன்பம். எட்ட நின்று பார்க்கும் பிள்ளைக்கு அதனால் தீங்கு வாராது. குளிக்க ஏற்ற ஆழமற்ற தட்டில் நீர் வைத்து, நாள்தோறும் தட்டைக் கழுவி நீரை மாற்றினால் போதும்.