காசு கம்மி... கல்லு ஜாஸ்தி!

ஊட்டி, கொடைக்கானல்னு பிளான் போட்டு, பட்ஜெட் பார்த்ததும் பாதிப் பேர் கழன்டுக்கிற கேங்கா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான். திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறி, செஞ்சியில் இறங்குங்க. சின்ன ஊர்தான். பெரிய மால் எல்லாம் தேடாதீங்க. ஆனா, ஒரு நாள் போதாத அளவுக்கு ஊரைச் சுத்தி சரக்கு இருக்கு. செலவு? பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, கோட்டைக்கு ஒரு டிக்கெட். அவ்வளவுதான்!

முதல்ல ராஜகிரி. காலையிலேயே ஏறிடுங்க, வெயில் வந்தா பாறை சுடும். சுமார் 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறை பிளந்து ஒரு பெரிய பள்ளம். அதைத் தாண்ட ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துட்டா எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். 1690-ல் முற்றுகை போட்ட மொகலாயப் படை, 1698-ல்தான் கோட்டையைப் பிடிச்சது. ஏன் அத்தனை வருஷம் ஆச்சுன்னு அங்கே நின்னு பார்த்தா புரியும். உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராம், கோட்டை விழறதுக்குள்ளே எஸ்கேப்! 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருக்கிறது இது ஒண்ணுதான்.

தண்ணீர் பாட்டில் கட்டாயம். திங்கிற பொருளைக் கையில் பிடிச்சுக்கிட்டு நடந்தா, குரங்குகள் பங்கு கேட்கும். ஜாக்கிரதை!

இறங்கி வந்து கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துட்டு, ஊரிலேயே சாப்பிட்டுக்குங்க. அப்புறம் ஒரு ஆட்டோ பேசி வடக்கே சிங்கவரம். மலையைக் குடைஞ்சு பல்லவர் காலத்தில் செய்த கோயில். உள்ளே பாறையிலேயே செதுக்கின பள்ளிகொண்ட பெருமாள்.

பக்கத்திலேயே திருநாதர்குன்று. இங்கே டிக்கெட் கவுன்டர் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஒரே பாறையில் ரெண்டு வரிசையாக 24 சமண தீர்த்தங்கரர்கள். பக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்கிற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட இடம் என்று சொல்கிறது. அந்த 'ஐம்பத்தேழு'க்காக வெட்டின 'ஐ', கல்வெட்டுகளில் கிடைத்த மிகப் பழைய 'ஐ'களில் ஒண்ணு. நாம தினமும் எழுதுகிற எழுத்தோட சின்ன வயசு போட்டோ மாதிரி!

இப்ப ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். கோட்டைச் சுவர்களைப் பாருங்க. ஹார்ட்டு, அம்பு, பேரு, பேட்ச் வருஷம்... எல்லாம் நம்ம வயசுக்காரங்க கைவேலை. காவல் இருக்கிற கோட்டைக்கே இந்த கதின்னா, ஆளே இல்லாத குன்றில் ஒரு ஆணி போதும், ஆயிரம் வருஷத்தைத் தாண்டின எழுத்து காலி. மராமத்து பண்ணி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்க 'ஐ லவ் யூ'வை அவங்ககிட்டயே சொல்லிடுங்க பாஸ், பாறைகிட்ட வேண்டாம்.

நேரம் மிச்சமா? விழுப்புரம் போகிற வழியில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன்னு மகேந்திரவர்மன் கல்வெட்டிலேயே பெருமையடிச்ச குடைவரை. பார்த்துட்டு பஸ் ஏறினா, ராத்திரி சாப்பாட்டுக்கு ஹாஸ்டல்!