முதுகில் ஒரு காது

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் பிறந்து சைக்கிள் பழகியவர்களுக்கு முதுகில் ஒரு காது உண்டு. பின்னால் வருவது குமுளி மலையிறங்கி வரும் லாரியா, டவுன் பஸ்ஸா, கரும்பு ஏற்றிய டிராக்டரா என்று அந்தக் காதே சொல்லிவிடும்; திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்து ஐயப்பசாமிகளின் வேன்கள் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டால் அந்தக் காதுக்கு ஓய்வே கிடையாது. போன அக்டோபரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏழெட்டுக் கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்: என் தோள்கள் இரண்டும் விறைத்து ஏறி நிற்கின்றன. வரவே வராத ஒரு லாரிக்காக.

எனக்கென்று இருந்த ஒரே சைக்கிள், 2006-ல் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். அதில் கம்பத்துக்குப் பள்ளிக்கூடம் போக இரண்டு வழி இருந்தது. ஒன்று, புளியமரங்கள் நிற்கும் மெயின் ரோடு. இன்னொன்று, முல்லைப் பெரியாற்றங்கரையை ஒட்டிய வண்டிப்பாதை. தென்னந்தோப்பு, வயல், நடுநடுவே கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த பன்னீர் திராட்சைப் பந்தல். ஆற்றங்கரை வழி சுற்று. மழை பெய்தால் சகதி. ஆனாலும் நாங்கள் ஐந்தாறு பெண்கள் அந்த வழியில்தான் போவோம். பேசிக்கொண்டே போகலாம், அதுதான் காரணம்.

ப்ளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கேரியரில் காலிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போன அப்பாவை மெயின் ரோட்டில் ஒரு லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. உயிர் தப்பினார். வலது கால் எலும்பு சேர்ந்தது, நடை சேரவில்லை. அப்பாவின் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்ட அம்மா, என் சைக்கிளை மாட்டுக்கொட்டகைச் சுவரில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து பஸ். நர்ஸிங் படிப்புக்கு பஸ், வேலைக்கு பஸ், அப்புறம் விமானம். அடிலெய்டுக்கு வந்தும் பல வருஷம் சைக்கிளைத் தொடவில்லை.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் தோழிதான் இழுத்துக்கொண்டு போனாள். "கார் வராத வழி ஒன்று இருக்கிறது, வந்து பார்" என்றாள். விடியற்காலையில் கிளம்பி வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் கிளேர். அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். எனக்குக் கொடுத்தது கிராவல் பைக் என்கிற வகை. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் அகலம், காற்றும் கல் மாதிரி அடிக்கவில்லை. கட்டைவிரலால் அமுக்கினால் லேசாக உள்ளே போகிறது. காற்று குறைவாக இருந்தால் டயர் சரளைக் கல்லின் மேல் துள்ளாமல் அதைக் கவ்விக்கொண்டு உருளுமாம். வாடகைக் கடைப் பையன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: வளைவில் முன் பிரேக்கைப் பிடிக்காதே, சக்கரம் வழுக்கிவிடும்; வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள். ஆற்றங்கரை மணலில் நாங்கள் விழுந்து எழுந்து கற்றுக்கொண்ட பாடம்தான்.

இந்தப் பாதைக்கு ரீஸ்லிங் டிரெயில் என்று பெயர். தெற்கே ஆபர்ன் என்ற சிற்றூரில் தொடங்கி, கிளேரைத் தாண்டி வடக்கே பரினியா வரைக்கும் 30 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ரீஸ்லிங் என்பது ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கத்துப் பச்சைத் திராட்சை. கிளேர் கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகலில் வெயில் காய்ந்தாலும் ராத்திரி குளிர்ந்துவிடும். பழத்தில் இனிப்பு ஏறும்போதே புளிப்பும் குறையாமல் தங்கும். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தப் புளிப்புதான். எங்கள் பன்னீர் திராட்சை சாப்பிடுகிற பழம், வருஷம் முழுக்கக் காய்க்கும். இங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை, மாசி பங்குனியில். பந்தலும் கிடையாது. இடுப்புயரக் கம்பியில் வரிசை வரிசையாகக் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். அக்டோபரில் ஒரு சாண் தளிர் விட்டிருந்தது. பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து பார்த்தே பழகிய கண்ணுக்கு, திராட்சையைக் குனிந்து பார்ப்பது புதுசு.

பாதையின் அருமை அதன் சரிவில் இருக்கிறது. மேடு வந்தாலும் மூச்சு வாங்குவதில்லை, பள்ளம் வந்தாலும் பயமில்லை. காரணம், இது ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, குன்றைச் சுற்றி வளைத்துத்தான் தடம் போட்டிருப்பார்கள். கிளேருக்கு ரயில் வந்தது 1918-ல். தானியமும் கம்பளியும் ஒயினும் இதில்தான் போயின. 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன். அன்று தெற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் பற்றிய காட்டுத்தீயில் 75 பேர் இறந்தார்கள். கிளேர் பக்கம் எரிந்த நெருப்பு ரயில் பாதையையும் விடவில்லை. அதைப் புதுப்பிக்கச் செலவு கட்டாது என்று லைனையே மூடிவிட்டார்கள், பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். அந்த வெறுந்தடத்தை விற்றுவிடாமல், உழுதுவிடாமல், உள்ளூர்க்காரர்கள் கேட்டு வாங்கி, 1990-களில் சரளை பரப்பி நடக்கவும் ஓட்டவுமான பாதையாக்கினார்கள். இன்றைக்கும் அதைப் பராமரிப்பது தன்னார்வலர்கள்தான்.

அவர்களில் ஒருவரைப் பார்த்தோம். எழுபதைத் தாண்டியவர். பாதையோரத்துக் கிளைகளைக் கத்தரித்துக் கைவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். சாம்பல் புதனன்று இருபதுகளில் இருந்தாராம். "மத்தியானமே விளக்குப் போட்டோம், அவ்வளவு இருட்டு" என்று மட்டும் சொன்னார். மேலே கேட்கத் தோன்றவில்லை. கிளையை அவர் வெட்டுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணுவுக்கு ஒரு விரல் மேலே, சாய்வாக. அப்பா கவாத்து பண்ணுவதும் அப்படித்தான்.

ஊர்கள் சின்னச் சின்னதாக வருகின்றன. செவன்ஹில் என்ற இடத்தில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார்கள் 1851-ல் பூசைக்கு வேண்டிய ஒயினுக்காகத் திராட்சை நட்டார்கள்; கிளேர் பள்ளத்தாக்கின் முதல் ஒயின் ஆலை அதுதான். ரோமாபுரியின் ஏழு குன்றுகளை நினைத்து வைத்த பெயர். பக்கத்து ஓடைக்கும் டைபர் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் செய்கிற வேலை அது. எனக்கு நன்றாகப் புரிகிறது. என் வீட்டுக் கொல்லையில் இருக்கும் முருங்கைக்கு நான் எங்கள் ஊர்ப் பக்கத்து அருவியின் பெயரைத்தான், 'சுருளி' என்று, வைத்திருக்கிறேன். ஆனால் இந்த ஓடைக்கும் குன்றுக்கும் அதற்கு முன்பே பெயர் இருந்திருக்கும். இது நஜூரி மக்களின் மண். பெயர்ப்பலகைகளைக் கடந்து போகும்போது அது மனதில் தைத்துக்கொண்டே வந்தது.

பென்வொர்தம் கிராமத்தில் ஜான் ஹாரக்ஸின் கல்லறை இருக்கிறது. 1846-ல் வடக்கே வறண்ட நாட்டைப் பார்த்துவரக் கிளம்பியவர். ஆஸ்திரேலியாவில் இப்படியொரு பயணத்துக்கு முதன்முதலாக ஒட்டகம் கொண்டுபோனது அவர்தான். அந்த ஒட்டகம் குலுங்கியதில் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து, காயத்தோடு ஊர் திரும்பி, சில வாரங்களில் இறந்துபோனார். வயது 28.

லீசிங்காமைத் தாண்டி ஓரிடத்தில் தோழி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். பாதையின் குறுக்கே ஒரு பல்லி. பல்லி என்றால் நம் சுவர்ப் பல்லி இல்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், உடம்பெல்லாம் பைன் மரக் காய் மாதிரி செதில், வால் எது தலை எது என்று சட்டென்று தெரியாத உருவம். இவர்கள் ஸ்லீப்பி லிசர்ட் என்கிறார்கள், தூங்குமூஞ்சிப் பல்லி. குனிந்து பார்த்தேன். வயிற்றைச் சரளையில் பதித்து வெயிலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து நீல நாக்கைக் காட்டியது. நான்கு கையளவு தள்ளி, புல்லுக்குள் இன்னொன்று. வசந்தத்தில் இவை ஜோடியாகத்தான் திரியும். வருஷா வருஷம் அதே ஜோடியையே தேடிப்போய்ச் சேருமாம். சூட்டுக்காகத் தார்ச்சாலையில் வந்து படுத்துக்கொண்டு, கார் வந்தாலும் நகரத் தெரியாமல் எத்தனையோ செத்துப்போகின்றன. நெடுஞ்சாலையில் நானே பார்த்திருக்கிறேன். இங்கே அது அசையும் வரை நாங்கள் காத்திருந்தோம். ஒரு கால், அப்புறம் ஒரு கால், நடுவில் ஒரு யோசனை. பாதையைக் கடக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. அவசரப்படுத்த ஒரு ஹார்னும் இல்லை.

அதற்கப்புறம் என் தோள் எப்போது இறங்கியது என்று தெரியாது. நானும் தோழியும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தோம். சரளையில் டயர் உருளும் சத்தம் அரிசி களைகிற சத்தம் போல. நடுவே தார்ச்சாலை குறுக்கிடும் இடங்களில் மட்டும் இறங்கி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மற்றபடி கண்ணுக்குத்தான் வேலை. ஓடைக்கரையில் பெருத்துப்போய் நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்கள், அவற்றின் பொந்துகளில் கத்தித் தீர்க்கும் கிளிகள், சரிவு முழுக்கச் சீவி வாரிய தலை மாதிரி திராட்சை வரிசைகள். எதிரே ஒரு தாத்தாவும் பாட்டியும், அவர்களுக்குப் பின்னால் பக்கச் சக்கரம் மாட்டிய சைக்கிளில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தை நடுப்பாதையில் வளைந்து வளைந்து வந்தது. "ஓரமாப் போ" என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ரயில் தடம் எதுவும் சும்மா கிடக்கவில்லை, தெரியும். ஆனால் லோயர் கேம்ப்பிலிருந்து போடிப் பக்கம் போகும் பதினெட்டாம் கால்வாய்க்கு ஒரு கரை இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுக்குக் கரை இருக்கிறது. பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்த அரசாங்கம், அதை ஓட்ட ஒரு வழியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. முட்களை வெட்டி, சரளை கொட்டி, மோட்டார் வண்டி நுழையாதபடி இரண்டு கல்தூண் நட்டால் போதும். எங்கள் பந்தல் கல்தூண்களே பாதிப் பள்ளத்தாக்கில் நிற்கின்றன.

ஆபர்னில் பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இப்போது அது ஒயின் ருசி பார்க்கும் இடம். அங்கே பிளாட்பாரத்து மரநிழலில் உட்கார்ந்தபோது மணி ஒன்று. ஊரில் காலை எட்டு. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். சைக்கிளைக் காட்டினேன். அம்மாவின் முகம் மாறியது.

"பின்னாடி வண்டி வருதா பாரு தாயி" என்றார் முதலில்.

"வராதும்மா. இது சைக்கிளுக்கு மட்டும்" என்று போனைத் திருப்பி நாங்கள் வந்த வழியைக் காட்டினேன். வெள்ளைச் சரளை, இருபுறமும் புல், தூரத்தில் ஒரு வளைவு, அதையொட்டித் திராட்சை. ஒரு நிமிஷத்துக்கு மேல் அம்மா பேசவே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கொடி கிட்டக்க காட்டு" என்றார். எழுந்து போய்க் காட்டினேன்.

"கவாத்து எப்பப் பண்ணாங்களாம்?"

"ஆடியில. இங்க அப்பதான் குளிர்காலம்."

"கிளைக்கு ரெண்டு மொட்டு விட்டிருக்காங்க" என்றார் அம்மா, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டிக் காட்டு, பார்ப்போம்."