அவர்கள் வீட்டுத் தண்ணீர்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். புதிதாக இயற்றப்படும் செய்யுளைக்கூடத் தொல்காப்பியர் விருந்து என்றே அழைத்தார். அப்பொருளின்படி விருந்தினர் என்பவர் நமக்குப் புதியவர். நேற்றுவரை நாம் அறியாதவர். உறவினரும் நண்பரும் வந்து உண்டு செல்வது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆயினும் அதற்கு வள்ளுவர் வேறோர் அதிகாரம் வைத்திருக்கிறார். விருந்தோம்பலை இல்லறவியலில் 9ஆம் அதிகாரமாகவும், சுற்றந்தழாலைப் பொருட்பாலில் 53ஆம் அதிகாரமாகவும் பிரித்தே அமைத்தார். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலமும் இவ்வேறுபாட்டை அறியும். உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்திலும் (12:13) எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்திலும் (13:2) விருந்தோம்பலைக் குறிக்க வரும் 'பிலோக்ஸேனியா' என்னும் சொல்லுக்கு, அந்நியர்பால் கொள்ளும் அன்பு என்பதே நேர்ப்பொருள்.

இக்காலத்தில் திருமண வரவேற்பு, புதுமனை புகுவிழா, முதல் நற்கருணை விருந்து என நாம் நடத்துபவை பெரும்பாலும் சுற்றந்தழாலே. அழைப்பிதழ் பெற்றவர் வருகிறார், மொய் எழுதுகிறார், அவர் வீட்டு விழாவில் நாம் அதைத் திருப்பி எழுதுகிறோம். கணக்கு நேராகிவிடுகிறது. இந்தக் கணக்கை மனத்திற்கொண்டுதான், திருப்பி அழைக்க வழியற்றவர்களை அழைக்குமாறு ஆண்டவர் பந்தியில் அமர்ந்தபடியே தம்மை அழைத்தவரிடம் கூறினார் (லூக்கா 14:12-14). விருந்துக்குச் சென்ற இடத்தில் விருந்தளித்தவருக்கே இதைச் சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்!

நம் மக்கள் அறியாதவருக்குக் கொடுப்பதில் குறைந்தவர் அல்லர். ஆகஸ்ட் இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளுக்குச் சாலையோரங்களில் மோரும் சோறும் வழங்குவோரைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கடற்கரையை வாரிச் சென்றபோது ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் திறந்தே கிடந்தன; உலைவைத்த கைகள் ஓயவில்லை. தென்மாவட்டப் பங்குத் திருவிழாக்களில் அசனத்தன்று ஊரே ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும். கொடுப்பது நமக்குக் கைவந்த கலை.

ஆனால் நான் சொல்ல வந்தது கொடுப்பதைப்பற்றி அன்று, பெறுவதைப்பற்றி. அடுத்தவர் வீட்டுக்கு விருந்தினராகச் சென்று, அவர் கையால் தருவதை வாங்கி உண்ண நமக்கு மனம் இருக்கிறதா என்பதைப்பற்றி.

பங்குப் பணியில் வீடு சந்திப்பது வழக்கமான கடமை. ஒரு தெருவில் நுழைந்தால், வீட்டுக்கு வீடு ஆவி பறக்கும் காப்பி வெள்ளித் தம்ளரில் வரும். போதும் போதும் என்று கெஞ்சவேண்டியிருக்கும். அதே பங்கில், அதே ஆலய மணி கேட்கும் தொலைவில் உள்ள தலித் மக்களின் தெருவுக்குச் சென்றால் வரவேற்பு இன்னும் பணிவாக இருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். பின் ஒரு சிறுவன் கடைக்கு ஓடுவான். திரும்பி வரும்போது அவன் கையில் மூடி திறக்காத குளிர்பானப் புட்டி இருக்கும். என் கண்ணெதிரிலேயே அதைத் திறந்து தருவார்கள். எங்கள் கை இதில் படவில்லை, சாமி அஞ்சாமல் குடிக்கலாம் என்பதே அந்த மூடி சொல்லும் செய்தி. யார் எத்தனை முறை என்ன செய்து இந்தப் பாடத்தை அவர்களுக்குக் கற்பித்தார்களோ! ஒருமுறை அப்படி ஒரு வீட்டில் அடுப்பிலிருந்து காப்பி மணம் வாசல்வரை வந்துகொண்டிருந்தது. "புட்டி வேண்டாம், அந்தக் காப்பிதான் வேண்டும்" என்று கேட்டேன். வீட்டம்மா ஒரு தம்ளரை எடுத்துக் கழுவினார், மறுபடியும் கழுவினார், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் கழுவினார். அந்த மூன்றாம் கழுவலைப்பற்றி எந்தத் திருச்சபை ஏடும் எழுதவில்லை.

(தேநீர்க் கடைகளில் காகிதக் குவளை வந்தபின் இரட்டைக் குவளை ஒழிந்தது என்று மகிழ்பவர்கள் உண்டு. குவளையைக் கழுவும் வேலை ஒழிந்தது, அவ்வளவே.)

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைக் குருமடத்தில் படித்த நாள்களில், வாழ்வு தரும் தண்ணீர் என்னும் இறையியலிலேயே எங்கள் கவனம் நின்றது. அது சரியான கவனம்தான். ஆனால் பங்குகளில் பல ஆண்டுகள் கழித்தபின், அந்த உரையாடல் தொடங்கும் இடமே என்னைப் பிடித்து நிறுத்துகிறது. நடுப்பகல். நடந்து களைத்தவர் கிணற்றோரம் அமர்ந்திருக்கிறார். அவர் கையில் கயிறும் இல்லை, குடமும் இல்லை. குடம் அந்தச் சமாரியப் பெண்ணிடம் இருக்கிறது. அவளிடம் அவர் தண்ணீர் கேட்கிறார் என்றால், அவள் குடத்துத் தண்ணீரைக் கேட்கிறார். அவள் திகைத்ததற்குக் காரணம் இருந்தது. யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியாளர் அங்கே குறிப்பிடுகிறார். அவர் கையாளும் கிரேக்க வினைச்சொல்லுக்குச் சேர்ந்து பயன்படுத்துதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே பாத்திரம் புழங்குவதில்லை என்றே அதை விளக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். 'புழங்குதல்' என்ற சொல்லை விளக்கத் தமிழ்நாட்டில் எவருக்கும் அகராதி தேவையில்லை.

இயேசு அவளுக்குக் கொடுக்கவிருந்தது எல்லையற்றது. ஆயினும் கொடுப்பவராக அவர் வாய் திறக்கவில்லை, தேவையுள்ளவராகத் தொடங்கினார். உம்மிடம் இருக்கும் ஒன்று எனக்கு வேண்டும் என்ற சொல்லில், அந்தப் பெண் முதன்முறையாகக் கொடுக்க வல்லவள் ஆகிறாள். அதன்பின் அவள் கேள்வி கேட்கிறாள், வாதிடுகிறாள், தன் வாழ்வைப் பேச இடங்கொடுக்கிறாள். உதவி பெற வரிசையில் நிற்பவர் இப்படியெல்லாம் வாதிட முடியுமா? கேட்ட தண்ணீரை அவர் குடித்தாரா என்பதை யோவான் எழுதவில்லை. ஆனால் ஊரார் வேண்டிக்கொள்ள, அவர் அங்கு இரண்டு நாள் தங்கினார் என்று எழுதியிருக்கிறார் (4:40). இரண்டு நாள்! அந்த இரண்டு நாளும் சமாரியர் அடுப்பில் வெந்ததைத்தான் ஆண்டவரும் சீடரும் உண்டிருக்க வேண்டும். சீடர்களின் முகங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

நற்செய்தி நெடுகிலும் இயேசு விருந்தளித்ததைவிட விருந்தினராக இருந்ததே மிகுதி. தலைசாய்க்க இடமற்றவர் வேறென்ன செய்ய முடியும்? பரிசேயர் சீமோன் வீட்டிலும் உண்டார். மரத்தில் ஏறியிருந்த சக்கேயுவிடம் தாமாகவே அழைப்பைக் கேட்டு வாங்கினார். மார்த்தா சமைத்ததையும் உண்டார். (மார்த்தாவைக் குறைத்துப் பேசும் மறையுரைகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. யோவான் 12ஆம் அதிகாரத்திலும் அவர் பணிவிடைதான் செய்துகொண்டிருக்கிறார். அங்கே அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதும் ஆண்களாகிய நாம் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.) எழுபத்திரண்டு பேரை அனுப்பியபோதும், பணப்பை வேண்டாம், வரவேற்கும் வீட்டிலேயே தங்கி அவர்கள் தருவதை உண்ணுங்கள் என்றுதான் பணித்தார். நற்செய்தி அறிவிப்பவர் பசியோடு போகவேண்டும் என்பது அவர் விருப்பம் போலும்.

இப்பாடத்தைப் பேதுரு மெதுவாகவே கற்றார். யோப்பாவில் அவர் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில் (திருத்தூதர் பணிகள் 9:43). இறந்த விலங்கின் தோலைத் தொட்டுப் பிழைக்கும் அத்தொழிலை யூத சமுதாயம் இழிவாகக் கருதியது. அந்த வீட்டு மாடியில், பசித்திருந்த வேளையில்தான் அவருக்குக் காட்சி வந்தது. அதன்பின் செசரியாவுக்குச் சென்று கொர்னேலியு வீட்டாருக்குத் திருமுழுக்குக் கொடுக்கச் செய்தார். அவர்கள் வேண்டிக்கொண்டபடி சில நாள் தங்குமாறும் கேட்டுக்கொள்ளப்பட்டார். எருசலேமில் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பிற இனத்தாருக்கு ஏன் திருமுழுக்குக் கொடுத்தீர் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் நுழைந்து அவர்களோடு ஏன் உண்டீர் என்றுதான் கேட்டார்கள் (11:3). திருமுழுக்கைப் பொறுத்துக்கொள்ளலாம், பந்தியைப் பொறுக்க முடியாது! அதே பேதுரு பின்னர் அந்தியோக்கியாவில் சிலருக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகியபோது, பவுல் அனைவர் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). ஒரு பந்தியில் அமர்வதா, எழுவதா என்பதில் நற்செய்தியின் உண்மையே அடங்கியிருப்பதாகப் பவுல் கண்டார்.

நம் மண்ணில் திருச்சபையின் வரலாறும் இதே பந்தியைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியின் அறிவையும் தமிழ்த் தொண்டையும் யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் உயர்சாதியினரை ஈர்க்க அவர் தேர்ந்த வழி தனிச் சமையலும் தனி உணவுமாக அமைந்தது. பிற்பாடு பண்டாரசாமிகள் என்று ஒரு பிரிவு தோன்றி ஏனைய மக்களிடையே பணியாற்ற, ஒரே சபையின் குருக்கள் ஊரறிய ஒரு பந்தியில் அமர இயலாத நிலையும் வந்தது. மறுபுறம், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், அரண்மனைப் பணியும் உயர்சாதியும் தமக்குத் தந்த எல்லைகளைக் கடந்து எளிய மக்களோடு கலந்து பழகினார். 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் உயிர்துறந்தார். 2022 மே 15இல் அவரைப் புனிதராக உயர்த்திய திருச்சபை, மக்களின் சமத்துவத்தை அவர் வலியுறுத்தியதையும் எடுத்துக்கூறியது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னர் எழுந்த ஆலயத்தினுள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்டது. அறிக்கை தேவையானதே. ஆனால் எந்த அறிக்கையும் யாருடைய அடுப்படிக்கும் போவதில்லை.

இதைப் புனித யோவான் கிறிசோஸ்தோம் அன்றே அறிந்திருந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் அந்நியரைப் பேணத் திருச்சபை விடுதி நடத்தி வந்தது. அது போதும் என்று மக்கள் இருந்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே வழிப்போக்கருக்கு ஓர் அறை ஒதுக்கி, கட்டிலும் மேசையும் விளக்கும் வைக்கவேண்டும் என்று அவர் மறையுரையில் வேண்டினார். புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 53ஆம் பிரிவில், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்லிவிட்டு, ஏழைகளிடம் தனிக் கவனம் வேண்டும் என்கிறார். செல்வர்மீது உள்ள அச்சமே அவர்களுக்கு மதிப்பைப் பெற்றுத் தந்துவிடும் என்று காரணமும் சொல்கிறார். மனித மனத்தை அறிந்த துறவி!

இன்று நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. மாதந்தோறும் ஒரு வீட்டில் கூடி, இறைவார்த்தையைப் பகிர்ந்து, சுண்டலும் காப்பியும் அருந்திக் கலையும் இந்த அமைப்பைப்போல் விருந்தோம்பலுக்கு ஏற்ற வேறொன்று இல்லை. ஆனால் வசதி கருதித் தெருவாரியாக அன்பியங்களைப் பிரித்துவிட்டோம். நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பணியாற்றிய ஒரு பங்கில், அருகருகே இருந்த இரண்டு தெருக்களைப் பங்குப் பேரவையில் நீண்ட வாதத்திற்குப்பின் ஒரே அன்பியமாக்கினோம். முதல் மூன்று மாதம் கூட்டம் ஒரு தெருவிலேயே நடந்தது, சிக்கல் எழவில்லை. நான்காம் மாதம் அடுத்த தெருவில் முறை வந்தது. பலருக்கு அன்று வேறு வேலை இருந்தது. வந்தவர்களிலும் சிலர் சுண்டலை வாங்கி, பேரப்பிள்ளைகளுக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஒரு மூதாட்டி, தமக்குச் சர்க்கரை நோய் என்று காப்பியை மறுத்தார். நோய் உண்மைதான், ஆனால் முந்திய மாதங்களில் அது அவரைத் தடுத்ததாக நினைவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் காப்பியைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

அதே தெருவில் அடுத்த கூட்டம் ஐப்பசியில் நடந்தது. செபம் முடியும் நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் போயிற்று. ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றிப் பதினெட்டுப் பேர் அகப்பட்டுக்கொண்டோம். பேச்சு மழையிலிருந்து நடவுக்குப் போயிற்று. நடவிலிருந்து அந்த வீட்டு மகளின் தலைப்பிரசவத்துக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைக்குப் பால் கட்டிக்கொண்ட செய்தியைக் கேட்டதும், அதுவரை சுவரோரம் அமர்ந்திருந்த மூதாட்டி நகர்ந்து வந்து கைவைத்தியம் சொல்லத் தொடங்கினார். அந்த வேளையில் வீட்டுக்காரப் பெண் காப்பித் தம்ளர்களைத் தட்டில் ஏந்தி வந்து, அவரைத் தாண்டிச் செல்லப்போனார்.

"எனக்குச் சீனி போடாம ஒண்ணு குடு, தாயி" என்றார் மூதாட்டி.

எல்லாத் தம்ளரிலும் சீனி கலந்திருந்தது. அந்தப் பெண் தட்டை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினார்.