பாற்கடலும் பூனையும்

நூல்களைக் காப்பவர் யார் என வினவினால், எழுதியவர் என்பார் சிலர். அச்சிட்டவர் என்பார் சிலர். முப்பது ஆண்டுகளாக மதுரையில் ஓர் அரபு மதரஸாவில் பாடஞ்சொல்லி வரும் நாம் இருவரைச் சொல்வோம். ஒருவர் மொழிபெயர்ப்பாளர், மற்றவர் பூனையார். வேடிக்கைக்காகக் கூறினோம் அல்லோம். மொழிபெயர்ப்பாளர் இன்றேல் நூல் தன் மொழியின் எல்லைக்குள்ளேயே முடங்கும். பூனையார் இன்றேல் எலிக்கு இரையாகும்.

இவ்வுண்மையின் ஒரு பாதியை எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே உணர்ந்திருந்த யூதப் பெரியார் ஒருவர் உண்டு. ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவில் பிறந்து, தென் பிரான்சின் லூனெல் என்னும் ஊரில் வாழ்ந்த யூதா இப்னு திப்பூன் அவர். தொழிலால் மருத்துவர், அரபு நூல்களை எபிரேயத்தில் ஆக்கிய தொண்டால் மொழிபெயர்ப்பாளர்களின் தந்தை எனப் பெயர் பெற்றவர். தம் மகன் சாமுவேலுக்கு அவர் எழுதி வைத்த அறிவுரையில், நூல்களைப் பேணும் முறை விரிவாகக் கூறப்படுகின்றது. எபிரேய நூல்களைப் பிறைதோறும், அரபு நூல்களை இரு திங்களுக்கு ஒரு முறையும் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அலமாரிகளுக்கு நல்ல விரிப்பால் திரையிட வேண்டுமாம். கூரை நீரும் எலியும் அணுகாமற் காக்க வேண்டுமாம். இரவல் கொடுத்தால் குறித்து வைக்க வேண்டுமாம். இரவல் கொடுத்த நூலுக்காகக் காத்திருக்கும் அன்பர்கள் இக்கடைசி அறிவுரையின் அருமையை நன்கறிவர்.

அந்த மகனும் தந்தையை விஞ்சினார். மூஸா இப்னு மைமூன் என்று அரபுலகம் அழைத்த மைமோனிடிசின் 'தலாலத்துல் ஹாயிரீன்' என்னும் தத்துவ நூலை 1204ஆம் ஆண்டில் எபிரேயத்தில் பெயர்த்து முடித்தார். அப்பணியின் இடையே, 1199இல், மூல ஆசிரியரே அவருக்கு ஒரு கடிதம் விடுத்தார். சொல்லுக்குச் சொல் வைப்பவன் குழப்பத்தையே தருவான். கருத்தை முழுதும் உள்வாங்கிய பின்னரே அதனைத் தன் மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதன்பொருட்டுச் சொற்களை முன்பின்னாக மாற்றலாம், ஒன்றுக்குப் பலவும் வைக்கலாம் என்பது அக்கடிதத்தின் சாரம்.

இதனை நாம் வகுப்பறையில் அன்றாடம் காண்கின்றோம். ஹதீதுக் கலையில் நிகரற்ற அறிவிப்பாளரான அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயருக்குப் பொருள் கேட்டபோது, மாணவன் ஒருவன் "பூனைக்குட்டியின் தந்தை" என்றான். வகுப்பே நகைத்தது. 'அபூ' என்பது ஈண்டுத் தந்தையன்று. உடையவர் என்னும் பொருட்டு என விளக்கினோம். "அப்படியானால் நம்மூர்ப் பேச்சில் பூனைக்குட்டிக்காரர் என்னலாமா ஹஜ்ரத்?" என்றான் இன்னொருவன். மரியாதை குன்றாமற் சொன்னால் அதுவே செம்மையான மொழிபெயர்ப்பு என்றோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் சட்டைக் கையில் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றிக் கையை வெட்டியெடுத்தார்கள் எனப் பலரும் சொல்லும் கதைக்கு ஹதீது நூல்களில் ஆதாரம் இல்லை. ஆயின், பூனை அசுத்தமன்று, நம்மிடையே சுற்றித் திரியும் உயிர் என்று அவர்கள் கூறியது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண்ணின் கதியோ புகாரியிலேயே உள்ளது.

நம் அலமாரியின் மேற்றட்டில் உறங்கும் பூனையை நோக்கியவாறு சென்ற கோடையில் நாம் வாசித்த நூல், மற்றொரு யூத மொழிபெயர்ப்பாளருடையது. தாவீது சுல்மன் என்பது அவர் பெயர். 1949இல் அமெரிக்காவில் பிறந்து, 1967இல் பைத்துல் முகத்தஸ் நகரில் குடியேறி, அங்குள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய வரலாறும் அரபும் பயின்றவர். பின்னர் லண்டனில் தமிழ்த் தலபுராணங்களை ஆய்ந்தார். 1980இல் அது நூலாயிற்று. சுந்தரர் தேவாரத்தை ஆங்கிலத்தில் ஆக்கினார். 2016இல் தமிழ்மொழிக்கே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். 2009இல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்போ, இளவேனில், வெப்பம், மழை என்னும் மூன்று பருவங்களைத் தலைப்பாகக் கொண்டது. கோதாவரிக் கரையில் இராஜமுந்திரியில் தங்கி, வெயிலையும் மரங்களையும் தெலுங்குக் கவிதையையும் இசையையும் நாள்தோறும் குறித்து வைத்த நூல் அது. சித்திரை வெயிலில் வைகை மணல் கொதிப்பதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டும் அதைப் பற்றி ஒரு பக்கமும் எழுதாதோர் நம்மில் எத்தனை பேர்!

நம் வாசகர்க்கு இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 1984இல் எருசலேமில் அச்சான ஒரு தொகுப்பில் இவர் எழுதிய கட்டுரையின் பொருள், நம் வீடுகளில் பெண்மக்கள் ஓதிவந்த 'தமீமன்சாரி மாலை'.

இதைக் கேட்ட நம் மாணவன் ஒருவன் முகம் சிவந்தான். "பலஸ்தீனத்தில் இரத்தம் ஓடும்போது அந்நாட்டு யூதரின் நூலைப் பாராட்டுவது தகுமா ஹஜ்ரத்?" என்றான். அவன் சினம் நியாயமானது. அதனை நாம் அடக்கவில்லை. ஆனால் அது எவர்மீது பாய வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கச் சொன்னோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியினின்றும் பிறழச் செய்யலாகாது என்பது அல்-மாயிதா அத்தியாயத்தின் கட்டளை. சுல்மன், 'தஆயுஷ்' என்னும் அமைப்பில் நெடுங்காலமாக இயங்குபவர். சேர்ந்து வாழ்தல் என்னும் அரபுச் சொல்லே அதன் பெயர். ஹெப்ரோனுக்குத் தெற்கே மலைப்புறத்துப் பலஸ்தீன ஆயர்களும் உழவர்களும் நிலத்தை விட்டுத் துரத்தப்படாதிருக்க அவர்கள் பக்கம் நின்றவர். 2016இல் தம் நாட்டின் உயரிய பரிசு கிடைத்தபோது அப்பணத்தை இவ்வமைப்புக்கே தருவதாக அறிவித்தார். இதைக் கேட்ட மாணவன் மறுமொழி கூறவில்லை. நூலை இரவல் கேட்டான். இப்னு திப்பூன் சொன்னபடியே குறித்து வைத்துக் கொடுத்தோம்.

மேலும், நம் இலக்கியமே இவ்வழக்கில் சாட்சி சொல்லும். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் முந்தியதாகக் கொள்ளப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரமசலா' 1572இல் இம்மதுரையிலேயே அரங்கேறியது. அதில் வினாத் தொடுப்பவர் யார்? மதீனத்து யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தை ஏற்ற அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள். யூத அறிஞர் கேட்க, நபிகளார் விடை பகர, தமிழ் மதுரை கேட்டு மகிழ்ந்தது. அதன் அரபு மூலம் 1143இலேயே இலத்தீனுக்கும், பின்னர் மலாய், ஜாவா மொழிகளுக்கும் சென்றது. அத்தமிழ், மலாய், ஜாவா நூல்களை ஒருங்கு வைத்து 2011இல் ஆங்கிலத்தில் விரிவாக ஆய்ந்தவர் ரோனித் ரிச்சி. அவரும் எபிரேயப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியையே. நம் முதுசொத்தின் கணக்கைப் பிறர் எழுதி வைத்துள்ளார்கள். அதற்காக அவர்களை நோவதா, நாம் ஏன் எழுதவில்லை என நம்மையே கேட்பதா?

இவ்வினா நம்மை மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இட்டுச் சென்றது. பெரியாற்று நீர் பாயும் வயல்களை அடுத்த வீடு. எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் தகரப்பெட்டியில் கையெழுத்துக் கட்டொன்றை வைத்திருந்தார். அரபுத் தமிழில் எழுதிய மாலை. தமிழ்ச் சொல்லுக்கு அரபு எழுத்துச் சட்டை. மைமூனின் நூலும் இதுபோன்றதே. அரபுச் சொல்லுக்கு எபிரேய எழுத்தை உடுத்தி எழுதப்பட்டது. இரு சமுதாயங்களும் வேதத்தின் எழுத்தை வீட்டு மொழிக்குப் போர்த்தி மகிழ்ந்திருக்கின்றன! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத் தமிழில் எழுதிக் குவித்தார்கள். இன்றோ அவ்வம்மையாரின் பேரப்பிள்ளைகளுள் ஒருவருக்கும் அவ்வெழுத்து தெரியாது. கட்டின் மூன்றில் ஒரு பங்கைக் கறையான் தின்றுவிட்டது. கறையானுக்குப் பூனையும் துணையாகாது.

வியாழன்தோறும் அங்குச் சென்று இரண்டிரண்டு பக்கமாகத் தமிழெழுத்தில் பெயர்த்து வருகின்றோம். ஓரிடத்தில் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துக் காட்டும் புள்ளி அரிபட்டிருந்தது. 'கரை'யா, 'கறை'யா? இரண்டுக்கும் அவ்விடத்தில் பொருள் இயையும். எந்த அகராதியும் உதவவில்லை. கட்டிலிற் கிடந்த அம்மையாரிடம் கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு அவ்வடியை ராகத்தோடு ஓதிவிட்டு, "தோணி போய்ச் சேருமே, அந்தக் கரை ஹஜ்ரத்" என்றார். எழுத்தில் அழிந்தது அவர் நாவில் இருந்தது. அந்நா இன்னும் எத்துணை நாளோ, இறைவனே அறிவான்.

வான்மீகியின் கதையைத் தமிழில் சொல்லப் புகுந்த கம்பர், தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டார். கம்பனில் தோய்ந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயீல் போன்றோரால் நம் சமுதாயத்தார்க்கும் நெருங்கிய உவமை அது. அவையடக்கமாகச் சொன்னது எனினும், மொழிபெயர்ப்பாளனின் நிலைக்கு அதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. கடல் வற்றாதுதான், ஆனால் பூனை பசியாறும், அதன் குட்டிகளும் பசியாறும்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் தகரப்பெட்டியிலும் இத்தகைய கட்டுகள் இருக்கலாம். அவற்றை ஆற்றில் விடுமுன், ஓதத் தெரிந்த முதியவரை அருகில் அமர்த்தி ஒரு பக்கமேனும் எழுதிக்கொள்ளுங்கள். மேலூர்ப் பக்கத்து மாலையில் நமக்கு இன்னும் நாற்பது பக்கங்கள் உள்ளன. வரும் வியாழனும் செல்வோம், இன்ஷா அல்லாஹ். நூலை இரவல் கேட்ட அம்மாணவனும் எழுதுகோலுடன் உடன் வருவதாகக் கூறியுள்ளான்.